முட்டை அட்டையில் ஓர் இஞ்சின்

விஜயதசமியன்று காலை, இருக்கிற ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு எங்கள் தெரு முச்சந்தியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி உடைந்த பூசணிக்காய்கள். எண்ணிப் பார்த்ததில் பதினான்கு. முழங்கை வரைக்கும் குங்குமச் சிவப்பு, வளையலுக்குள் பூசணி விதை.

எனக்கு எதிரே என் வீட்டுக்காரர் முருகேசன். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆமாம், அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய துண்டு ஒரு பக்கம், சின்னத் துண்டு ஒரு பக்கம். அந்த அடுக்குகிற புத்திதான் எங்களை நடுத்தெருவில் கொண்டுவந்து உட்காரவைத்தது. அப்போதும் அவருக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் நடுவில் மூன்றாவது ஆளாக, எங்கள் கடை மாடி ரூமில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் யோனாஸ். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் புதுசாக ஒரு சிவப்புக் கயிறு. நாங்கள் என்ன தேடுகிறோம் என்று அவர் கேட்கவே இல்லை. விஜயதசமிக்கு இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் பயபக்தியாக மண்டி போட்டுப் பூசணியைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

பைக்கில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“என்னாக்கா, தாலி எதனா விழுந்துடுச்சா?”

“இல்லப்பா, வாஷர்.”

“வாஷரா?”

“ஆமா.”

என்னைப் பார்த்தார், யோனாஸைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் நான் இதே பத்தியில் எழுதிய, கிணற்றில் விழுந்த ஸ்பேனர் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் கடையில் காணாமல் போகாத சாமான் ஏதாவது உண்டா?” என்று எழுதிக் கேட்டிருந்தார். உண்டு அம்மா. ஆனால் அவையெல்லாம் எழுதுவதற்கு லாயக்கில்லாதவை. காணாமல் போனதை எழுதுகிறேன், படியுங்கள்.

இரண்டு தடவை எழுதிய பெயர்

எங்கள் கடை செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. ஒரு பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் ஒரு காப்பியை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கும் கடை. இன்னொரு பக்கம் வாடகை சைக்கிள். நடுவில் நான். பம்ப்செட், சப்மெர்சிபிள், மோட்டார் காயில் கட்டுவது, எல்லாம் செய்வேன்.

கடை ஆரம்பித்து ரொம்ப நாள் வரைக்கும் போர்டில் “பம்ப்செட் ரிப்பேர்” என்று மட்டும்தான் இருந்தது. வருகிறவர்கள் என் கையில் ஸ்பேனர் இருப்பதைப் பார்த்தபடியே “மெக்கானிக் இல்லீங்களா?” என்பார்கள். “நான்தாங்க” என்றால் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, “அவரு எப்ப வருவாரு?” என்பார்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அவர் வந்து நின்றால் போதும், மோட்டார் எப்படிக் கத்துகிறது, எங்கே சுடுகிறது என்று எல்லாவற்றையும் அவரிடம் விளக்குவார்கள். அவருக்கு ஃப்யூஸ் போடக்கூடத் தெரியாது. பாவம், தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் அவரே பெயின்டரைக் கூட்டிவந்தார். மஞ்சள் மேல் சிவப்பில் “ராஜேஸ்வரி பம்ப்செட் ஒர்க்ஸ்”. அதற்குக் கீழே, “மெக்கானிக்: ராஜேஸ்வரி”.

“பேரு ரெண்டு தடவ எதுக்குங்க?”

“ஒரு தடவ படிச்சா நம்பமாட்டானுங்க.”

அன்றைக்கு நான் எதிர்ச்சாரியில் போய் நின்று அந்த போர்டை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சைக்கிள் கடைக்காரர் நாற்காலியே போட்டுக் கொடுத்தார்.

கருவாடு போலக் காய்ந்த இஞ்சின்

போர்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஏழுமலை ஒரு மினி வேனில் வந்து இறங்கினான். அவர்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவன். அந்த வருஷம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கடைவாசல் தாண்டி வழிந்தது. சந்தோஷம் தாங்காமல், கடலோரம் போய் ஒரு ஃபைபர் படகும் பழைய அவுட்போர்டு இஞ்சின் ஒன்றும் வாங்கிவந்துவிட்டான்.

அவுட்போர்டு என்றால் படகின் பின்பலகையில் கவ்வி மாட்டுகிற இஞ்சின். மேலே தலை, நடுவில் நீளமாக ஒரு கால், அடியில் தண்ணீரைத் தள்ளும் காத்தாடி. கவ்விப் பிடிக்க இரண்டு திருகாணிகள் உண்டு. அவற்றை இறுக்கி முறுக்க வேண்டும். ஏழுமலை அவற்றைத் தொட்டுப் பார்த்ததோடு விட்டுவிட்டான்.

வெள்ளோட்டத்துக்கு ஊரே கரையில் நின்றிருக்கிறது. கயிற்றை இழுத்தான், இஞ்சின் உறுமியது, படகு குதித்தது. இஞ்சின் அதைவிடக் கொஞ்சம் உயரமாகக் குதித்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. முங்கி எடுத்ததோடு விட்டானா? மூன்று நாள் கரையில் போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறான், கருவாடு மாதிரி. தண்ணீரில் விழுந்த இஞ்சின் காற்றுப் பட்டால்தான் துருவேறும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

“அண்ணன் இல்லீங்களா?”

“எந்த அண்ணன்?”

“மெக்கானிக் அண்ணன்.”

நான் போர்டைக் காட்டினேன். ஒரு தடவை படித்தான். அடுத்த வரியையும் படித்தான்.

“எக்கா, வர ஞாயித்துக்கிழம காலைல ஏரியில மீன் புடிக்கிறோம். ஊரே என்னப் பாத்து சிரிச்சுக்கினு இருக்குது. அன்னிக்கு இது ஓடணும். மூணு கடையில கேட்டுட்டேன், சமுத்திரத்துக்கு எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டானுங்க. உங்களால ஆவுமா?”

அதுவரைக்கும் நான் அவுட்போர்டைக் கையால் தொட்டதில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் “உங்களால” என்பதை அவன் இழுத்த இழுப்பு என்னை என்னவோ செய்தது.

“ஓடலன்னா இந்த போர்டக் கழட்டி உன் கையில குடுத்துடறேன். படகுல துடுப்பா வெச்சிக்கோ.”

காப்பிக் கடையில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் போர்டின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போனார்.

முப்பது குழி

எந்த இஞ்சினையும் யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். பிரித்ததை எங்கே வைக்கிறோம் என்பதுதான் வேலை. பார்ப்பதற்கு எல்லா போல்ட்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று இன்னொன்றைவிட நகக்கண் அளவு நீளமாக இருக்கும். அந்த நீள போல்ட்டைக் குட்டை போல்ட்டின் ஓட்டையில் போட்டு முறுக்கினால் அலுமினியத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அத்தோடு இஞ்சின் எடைக்குத்தான் போகும்.

எனக்கு முட்டை அட்டைதான் கதி. மொத்த முட்டைக் கடையில் சும்மா கொடுப்பார்கள். ஓர் அட்டைக்கு முப்பது குழி. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், உருளாது, மேலே மேலே அடுக்கலாம். இந்த இஞ்சினுக்கு ஆறு அட்டை ஆயிற்று. முதல் அட்டையில் தலைப்பக்கம், இழுகயிறும் சக்கரமும். இரண்டில் கார்புரேட்டர். மூன்றில் பிஸ்டன் குடும்பம். நான்கில் அதற்குக் கீழே உள்ளவை. ஐந்தில் நீளக் கால். ஆறில் அடிப் பல்சக்கரமும் காத்தாடியும். இடது மூலையில் ஆரம்பித்து, கழற்றக் கழற்ற வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். ஆறாவது அட்டையின் கடைசி மூலையில், காத்தாடிக்குப் பின்னால் உட்காரும் பித்தளை வாஷர். கனமாக, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு.

போனில் படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம்தான். கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். உண்மையான காரணம் திமிர்.

நான் பிரித்த இரண்டு நாளும் யோனாஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாமலையைப் பார்க்க வந்தவர், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் நட்டு போல்ட்டைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஊருக்கு வந்து ஆறு வருஷம், தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை. “சரி”, “போதும்”. அவற்றை வைத்தே அவர் வாடகைக்கு ரூம் பிடித்தார், காய்கறி வாங்கினார், ஒரு நாய்க்கடிக்கு வைத்தியமும் பார்த்துக்கொண்டார்.

ஒரு தடவை அட்டைக்குப் பக்கத்தில் குனிந்து படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வாழை இலை

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவருக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கிவிடுவார், நான் மிளகாய்த்தூளைத் தேடி அரை நாள் அழுவேன். இன்னொரு பக்கம், ஞாபகசக்தி என்றால் அப்படி ஒரு ஞாபகசக்தி. நெரிசலான பஸ்ஸில் யார் எங்கே ஏறினார்கள், எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். “பச்சப் பை, பின்னாடிலருந்து மூணாவது, ஜன்னலோரம்” என்று சொல்லி, குடையை விட்டுவிட்டுப் போன ஒரு வாத்தியாரை அவர் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பிடித்தவர்.

ஆயுதபூஜை அன்று காலையில் அடி அண்ணாமலையிலிருந்து போன். ஒரு விவசாயியின் கிணற்று மோட்டார் நின்றுவிட்டது, நெல்லு காயுது, வாங்கம்மா என்றார். வீட்டுக்காரருக்கு அன்று லீவு. “நீ போய்ட்டு வா, பூஜ வேலய நான் பாத்துக்கறேன்” என்றார். நம்பிப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் கடை ஜொலிக்கிறது. தரையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, போர்டுக்கு ஒரு மாலை. என் பெயர் இரண்டு இடத்திலும் சந்தனம், குங்குமம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் உள்ளே போனேன்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் மூன்று பெரிய வாழை இலைகள். இலைகளின் மேல் இஞ்சின். பெரியது மேலே, சின்னது கீழே, அளவு வாரியாக, வரிசை வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்தியது போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பிஸ்டன் மாப்பிள்ளை மாதிரி நடுவில். பக்கத்தில் பொரி, கடலை.

“எப்படி?” என்றார்.

“அட்டைங்க எங்கங்க?”

“முட்ட அட்டையப் போயி சாமி முன்னாடி வெப்பாங்களா? மாடியில போட்டுட்டேன். ஒரே கறுப்பும்மா எல்லாம். ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கழுவினேன்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது, மூக்கு ஒழுகியது.

“நம்ம போர்டுக்கு மொத பூஜ. அதான் ஒண்ணு விடாம பொட்டு வெச்சேன்” என்றார், தப்பு என்னவென்று தெரியாமலே குரல் இறங்கி.

“ஞாயித்துக்கிழம போர்டு எறங்குதுங்க” என்றேன்.

காரணத்தைச் சொன்னேன். அந்த மனுஷர் முகம் போன போக்கைப் பார்த்து, திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததையெல்லாம் நானே விழுங்கிவிட்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் தீபாராதனை காட்டும் வரை தொடக்கூடாது. கற்பூரம் காட்டினோம். பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமமும் காசும் போட்டு, முச்சந்தியில் உடைப்பது வழக்கம். அதையும் அவரே எடுத்துக்கொண்டு போய் உடைத்துவிட்டு வந்தார். தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று யோனாஸின் படம் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். சைகையால் விளக்கிக் கேட்டதும் அவர் பெருமையோடு போனை நீட்டினார். அழகான படம். பித்தளை வாஷர் ஒன்றே ஒன்று, மேலே விழுந்த வெயிலோடு, சூரியன் மாதிரி தெளிவாக. மற்ற அத்தனையும் பின்னால் மங்கலாகக் கரைந்திருந்தது.

“சரி?” என்றார்.

“போதும்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தோம்.

ஏறினவர்கள், உட்கார்ந்தவர்கள்

விஜயதசமி காலை. தீபாராதனை முடிந்து நான் இலையின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்காரர் வந்தார். லீவு நாளில், காக்கிச் சட்டை, தோளில் காலிப் பை, வாயில் விசில். கையில் ஆறு முட்டை அட்டை.

“இதென்ன வேஷம்?”

“இந்த சட்ட போட்டாத்தான் ஞாபகம் வரும். நீ அட்டைய வரிசையா வை.”

“என்னா பண்ணப் போறீங்க?”

“கழுவறதுக்கு ஒவ்வொண்ணா நான்தான எடுத்தேன்? ஏறினவங்கள மறப்பனா?”

எனக்கு நம்பிக்கை இல்லை. இலையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“இவரு குள்ளம், தலையில வெட்டு. மொத அட்ட, ரெண்டாவது வரிச, ஜன்னலோரம்.”

அந்த இடத்துக்கு உரிய ஓட்டையில் போட்டுத் திருகிப் பார்த்தேன். அளவாகப் போய் உட்கார்ந்தது. இன்னொன்று கேட்டேன். அதுவும் உட்கார்ந்தது. மூன்றாவதும் உட்கார்ந்ததும், கடை திறந்திருக்கிறது, தெரு பார்க்கிறது என்பதையெல்லாம் மறந்து அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன்.

“வண்டி ஓடும்போது கண்டக்டரத் தொடக்கூடாது” என்றார்.

அப்புறம் ஒரு திருவிழாதான். “இவங்க நாலு பேரும் ஒரே குடும்பம், சேந்து ஏறினாங்க, ரெண்டாவது அட்ட.” “இந்தம்மா குழியில எடம் பத்தாம நின்னுக்கினே வந்தாங்க.” அது கார்புரேட்டர் தகடு, நிஜமாகவே அதைக் குழியில் நிற்கவைத்திருந்தேன். “இவரு லேசா ஆடிக்கினே இருந்தாரு, அஞ்சாவது அட்ட.” தண்ணீர் ஏற்றும் ரப்பர் இம்பெல்லர். எல்லாருக்கும் நெற்றியில் பொட்டு வேறு. ஒரு சுருள் கம்பிக்கு மட்டும் சண்டை வந்தது. நான் மூன்றாவது அட்டை என்றேன், அவர் நான்கு என்றார். மாட்டிப் பார்த்தோம். நான்கு.

நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தேன். காப்பிக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு விஷயமே புரியவில்லை.

இலை காலியாயிற்று. பொரியையும் கடலையையும் தள்ளிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஆறாவது அட்டையில் கடைசி வரிசை, கடைசி குழி மட்டும் காலி. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். வாயிலிருந்து விசில் நழுவி நெஞ்சில் தொங்கியது.

“இங்க ஒருத்தரு இருந்தாரே?” என்றேன்.

“எறங்கிட்டாரு.”

“எங்க?”

“பூசணிக்காயில.”

பூசணிக்குள் போடக் காசு தேடியிருக்கிறார். கண்டக்டர் பையில் இருந்த சில்லறையை டிப்போவில் கட்டியாயிற்று. என் கல்லாவில் ஒரு ரூபாய் நாணயம் கிடையாது, இப்போதெல்லாம் எல்லாரும் போனில்தான் அனுப்புகிறார்கள். பூஜைக்கு நேரமாகிவிட்டது. “பெரிய காசாட்டம் பளபளன்னு இருந்துச்சு. சாமிக்குத்தானன்னு…” என்றார். ஊரெல்லாம் சில்லறை இல்லை, சில்லறை இல்லை என்று சொல்லியே பிழைப்பு நடத்திய மனுஷர், சாமிக்கும் அதையே சொல்லிவிட்டார்.

அந்த வாஷர் இல்லாவிட்டால் காத்தாடி நேராகப் பல்சக்கரக் கூட்டில் உரசும். கால் மணி நேரத்தில் இரண்டும் நாசம். கடைந்து எடுக்கலாம் என்றால் லேத் பட்டறைகள் எல்லாம் பூஜை போட்டுப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

முச்சந்தி

இப்படித்தான் பட்டுப்புடவையோடு நடுத்தெருவில் மண்டி போட்டேன்.

பதினான்கில் எங்கள் பூசணி எது என்று தெரியவில்லை. பயணியை மறக்காதவருக்குப் பூசணியின் முகம் மறந்துவிட்டது. ஒரு பசுமாடு ஓரமாக நின்று நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அதுவும் எங்களைப் பார்த்தது.

“தின்னுருக்குமோ?” என்றேன்.

“பின்னாடியே போலாமா?” என்றார். “எப்படியும் சாயங்காலத்துக்குள்ள சாணி போடும்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டார்.

அந்த நேரத்தில் யோனாஸ் ஒரு பூசணித் துண்டை எட்டி எடுக்க என் பக்கம் சாய்ந்தார். ஜிப்பாவுக்குள்ளிருந்து சிவப்புக் கயிறு வெளியே வந்து, அதன் நுனியில் தொங்கிய ஏதோ ஒன்று என் மூக்கில் இடித்தது. வட்டமாக. கனமாக. பித்தளை. நடு ஓட்டையில் கயிறு, விளிம்பில் குங்குமம்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் முச்சந்தியில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். பூசணி உடைந்ததும் இது உருண்டு உருண்டு நேராக அவர் காலடியில் வந்து நின்றிருக்கிறது. எத்தனையோ பேர் நிற்க, அவர் காலடியில். அவர் என்ன நினைத்திருப்பார்? மலையே கொடுத்தது என்று நினைத்துக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். நாங்கள் படம் கேட்டு மாடிக்கு ஓடியபோதுகூட அது அந்த ஜிப்பாவுக்குள்தான் இருந்திருக்கிறது.

நான் அதைக் கப்பென்று கையில் பிடித்துக்கொண்டேன். அவர் ஆசீர்வாதம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னங்க, மாட்ட விடுங்க! இங்க வாங்க!”

வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்தார். அவருக்கு வந்த இங்கிலீஷ் பஸ்ஸில் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகியதுதான். “சார்! நோ டிக்கெட்! கெட் டவுன்!” என்றார். யோனாஸ் எழுந்து நின்று, எங்கே இறங்குவது என்று சுற்றும்முற்றும் பார்த்தார்.

வாயால் புரியவைக்க முடியாது என்று தெரிந்தது. கயிறு என் கையில் இருக்க, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அவரைக் கடைக்குக் கூட்டிவந்தேன். ஆறாவது அட்டையைக் காட்டினேன். அந்த அட்டைகளை இரண்டு நாள் முழுக்கப் பார்த்த ஒரே ஆள் அவர். என்னைவிட நன்றாகப் பார்த்தவர். காலிக் குழியைப் பார்த்தார், கழுத்தில் இருப்பதைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். அவரே கயிற்றை அவிழ்த்து, வாஷரை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தக் குழியில் வைத்தார்.

“சரி” என்றார்.

வெறுங்கழுத்தோடு அவரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஏரித் தண்ணீர் குடித்துச் செத்துப்போன பழைய ஸ்பார்க் பிளக்கை அதே கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் போட்டேன். தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“போதும்” என்றார்.

இன்றைக்கும் கிரிவலப் பாதையில் கழுத்தில் ஸ்பார்க் பிளக்கோடு ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தால் கும்பிடு போடுங்கள். என் போர்டைக் காப்பாற்றியவர்.

ரெண்டு விசில்

அன்று பகல் முழுக்க மாட்டினேன். கார்புரேட்டரின் ஊசி ஓட்டையில் சந்தனம் அடைத்திருந்தது. மோட்டார் காயிலுக்கு வைத்திருந்த மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி எடுத்தேன். எல்லாப் பொட்டையும் பெட்ரோலில் துடைத்தேன். வாஷரின் விளிம்பில் இருந்த குங்குமத்தை மட்டும் துடைக்கக் கை வரவில்லை. அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஊரே நின்றது. முந்தின தடவை சிரித்தவர்கள் எல்லாம் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர், “துடுப்பு எங்கம்மா?” என்று கத்தினார். கதை கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்திருக்கிறது.

இரண்டு திருகாணியையும் நானே முறுக்கினேன். போதாதென்று ஒரு கயிற்றையும் கட்டினேன். படகின் முன்னால் என் வீட்டுக்காரர், காக்கிச் சட்டையில். நடுவில் ஏழுமலை, சாமியாடுபவன் போல நடுங்கிக்கொண்டு. பின்னால் நான்.

முதல் இழுப்பு. ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பு. கரையில் ஒரு சிரிப்பு. மூன்றாவதில் ஒரு இருமல், கொஞ்சம் புகை, பிறகு அமைதி. அந்த அமைதியில் மஞ்சள் மேல் சிவப்பெழுத்து என் கண் முன்னால் தெரிந்தது. கழற்றும்போது யார் ஏணி பிடிப்பார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

“வண்டியில டீசல் இருக்குதா பாரும்மா” என்றார் வீட்டுக்காரர், முன்னாலிருந்து, ரொம்ப சாதாரணமாக.

டீசல் இல்லை, பெட்ரோல். இருந்தது. ஆனால் டேங்க் மூடியின் மேலே காற்றுத் திருகு ஒன்று உண்டு. அதைத் திறக்காவிட்டால் பெட்ரோல் இறங்காது. நான் திறக்கவில்லை. திருகாணியில் கோட்டை விட்ட ஏழுமலையைக் கிண்டல் செய்த மகராசி, காற்றுத் திருகில் கோட்டை விட்டிருந்தேன். யாருக்கும் தெரியாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு திறந்தேன்.

நான்காவது இழுப்பு. இஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் ஒரு கம்பி மாதிரி பீறிட்டது. பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். வாழ்க்கை முழுக்கப் பம்ப்பிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்த்தவள் நான். அந்த விரல் கனத் தண்ணீரைப் பார்த்து அழுத மாதிரி எதற்கும் அழுததில்லை.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு விசில் அடித்தார்.

“போலாம் ரைட்!”

படகு கிளம்பியது. கரையில் ஒரு விசில், பத்து விசில், பிறகு கூச்சல். “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று அவர் யாருமில்லாத முன்பக்கத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார். ஏழுமலை “எக்கா! எக்கா!” என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினோம். மீன் பிடிக்க வேண்டும் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை. நான் உள்ளே ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டூட்டிக்குப் போகும் வழியில் ஸ்டூல் போட்டு ஏறி, போர்டில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வண்டி நிற்கும் சத்தம்.

“மெக்கானிக் அண்ணே, ஒரு மோட்டாரு கொண்டாந்துருக்கேன்.”

இத்தனை வருஷமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிற மனுஷர் அன்றைக்குத் தலையாட்டவில்லை. துணியால் போர்டை ஒரு தட்டுத் தட்டினார்.

“ரெண்டு தடவ எழுதியிருக்குது, படிங்க. நான் கண்டக்டரு.”